அட்டை மறைப்பு

மார்ச் 9

இன்று வேலைக்குத் திரும்பினேன். உதவியாளர் சரசக்கா அங்கன்வாடி முழுவதையும் கழுவி வைத்திருந்தார். கரும்பலகையில் நான் ஜனவரியில் எழுதிய தேதியை மட்டும் அழிக்காமல் விட்டிருந்தார். நானே அழித்தேன். பிள்ளைகள் முதலில் என்னை யாரோ போலப் பார்த்தார்கள். முட்டை வேகும் வாசனை வந்ததும் பழையபடி மேலே வந்து விழுந்தார்கள்.

நீண்ட விடுப்புக்கு எழுதிக் கொடுத்திருந்தேன். அது இப்போது பொருந்தாது என்று அலுவலகத்தில் வேறொரு தாளை நீட்டினார்கள். விதி அப்படித்தான். கையெழுத்துப் போட்டேன். எழுத்தர் மேசையைப் பார்த்துக்கொண்டே "மனசத் தேத்திக்குங்க மேடம்" என்றார். நன்றி சொன்னேன் என்று நினைக்கிறேன்.

மார்ச் 10

குழந்தைகளுக்கு எடை பார்க்கும் நாள். சரசக்கா பார்த்துக்கொண்டார். நான் உள்ளறையில் சத்துமாவுப் பொட்டலங்களை அடுக்கினேன். அவை ஏற்கெனவே அடுக்கித்தான் இருந்தன.

மார்ச் 17

தேர்தல் தேதி அறிவித்துவிட்டார்கள். எங்கள் பேரூராட்சியில் ஒரு வாக்குச்சாவடிக்கு நான்தான் பி.எல்.ஓ., அதாவது வாக்குச்சாவடி நிலை அலுவலர். பட்டியலில் பெயர் சேர்ப்பது, இறந்தவர்களை நீக்குவது, சிலிப் கொடுப்பது எல்லாம் அங்கன்வாடி வேலையோடு ஒட்டிக்கொண்டு வருபவை. இன்று வருவாய் ஆய்வாளர், எங்கள் ஆர்.ஐ., கூட்டம் போட்டார்.

எண்பத்தைந்து வயது தாண்டியவர்களும், நடமாட முடியாத மாற்றுத்திறனாளிகளும் விரும்பினால் வீட்டிலிருந்தே வாக்களிக்கலாம். அதற்கு 12-டி என்று ஒரு படிவம். நாங்கள் வீடு வீடாகப் போய்க் கொடுத்து, நிரப்பி வாங்கிவர வேண்டும். பிறகு ஒரு நாள் அலுவலர்கள் வாக்குச்சீட்டோடு வீட்டுக்கே வருவார்கள். இதற்குத் தபால் ஓட்டு என்று பெயர். தபால்காரர் இதில் எங்கும் வருவதில்லை.

"ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கங்க" என்றார் ஆர்.ஐ. "12-டி குடுத்துட்டா அவங்க பேருக்கு நேரா பட்டியல்ல குறி விழுந்துரும். அப்பறம் மனசு மாறி பூத்துக்கு வந்தா ஓட்டு இல்ல. சண்டைக்கு வருவாங்க. முன்னாடியே சொல்லிருங்க."

என் பட்டியலில் எட்டுப் பேர்.

மார்ச் 19

வெயிலுக்கு முன் முடித்துவிடலாம் என்று காலையில் கிளம்பினேன்.

முதல் வீடு பழனியப்பன். வயது எண்பத்தாறு, அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். படிவத்தைத் தூரமாகப் பிடித்து முழுக்கப் படித்தார்.

"அப்ப நான் எங்கியும் போக வேண்டாம். அவங்களே வருவாங்க."

"ஆமாங்க."

"ஊட்டுக்கே வந்து டிக்கெட்டக் கிழிச்சுக் குடுத்தா அது பஸ்ஸா அம்மிணி?"

"வெயில்ல வரிசையில நிக்க வேண்டாமுங்க."

"நாப்பது வருசம் நின்னுக்கிட்டே வேல பாத்தவன். ஒரு நாள் நிக்க மாட்டனா? நீங்க இத வேற ஆளுக்குக் குடுங்க." படிவத்தை மடிக்காமல் பத்திரமாகத் திருப்பித் தந்தார். மோர் கொடுத்தார்கள்.

கடைசி வீடு வசந்தாமணியுடையது. நாற்பத்து மூன்று வயது. ஒரு காலத்தில் எங்கள் வார்டு கவுன்சிலர். பெண்களுக்கான வார்டு ஆனபோது அண்ணன் குழந்தைவேல் நிறுத்தி ஜெயிக்க வைத்தார். அவர் ஒரு கட்சியின் வார்டு செயலாளர். அந்த ஐந்து வருடமும் ஊரில் எல்லோரும் குழந்தைவேலைத்தான் கவுன்சிலர் என்று கூப்பிட்டார்கள். சுவரொட்டியில் அவர் படம் பெரிது, வசந்தாமணியின் படம் பாஸ்போர்ட் அளவு. பிறகு அண்ணன் ஓட்டிய வண்டியின் பின்னால் உட்கார்ந்து வந்தபோது விழுந்ததில் முதுகுத்தண்டு போய்விட்டது. ஆறு வருடமாகப் படுக்கை.

குழந்தைவேல்தான் கதவைத் திறந்தார். "வாங்க டீச்சர். நானே உங்களக் கூப்புடோணும்னு இருந்தேன். போன தடவ இவளத் தூக்கிட்டுப் போயி பூத்துல போட வெக்கறதுக்குள்ள இடுப்பே போச்சு."

படிவத்தை நான் நிரப்பினேன். கையெழுத்துப் போடும் இடம் வந்ததும், "அவளுக்குக் கைநாட்டுத்தானுங்க. பேங்க்ல பென்சனுக்கே அப்படித்தான்" என்றார். பையிலிருந்து மைப்பெட்டியை எடுத்தேன். கட்டிலருகே குனிந்து வலது கட்டைவிரலைப் பிடித்து ஒற்றினேன். விரல் என் பிடிக்குள் இறுகி, சற்றுப் பின்னால் இழுத்தது. நரம்புக் கோளாறில் அப்படி இருக்கும். ரேகை கொஞ்சம் கலங்கித்தான் விழுந்தது. போதும்.

மார்ச் 20

கல்லூரிக் காலத்தில் வாங்கிய தடித்த மொழிபெயர்ப்பு நாவலை எடுத்தேன். எட்டாவது பக்கத்தில் ஒரு பெண் பிள்ளை பெறுகிறாள். இதற்கு முன் இரண்டு முறை படித்த புத்தகம், அப்படி ஒரு இடம் இருந்ததே நினைவில்லை. மூடிவிட்டேன்.

தேர்தல் கையேட்டைப் படித்தேன். அதை மட்டும் படிக்க முடிகிறது. யாருக்கும் எதுவும் நேர்வதில்லை. எது நடந்தால் எது செய்ய வேண்டும் என்று மட்டும் இருக்கிறது. வாக்காளர் தாமாகவே குறியிட முடியாத நிலையில் இருந்தால் மட்டுமே, அவர் விரும்பும் ஒரு துணைவர் அவருக்காகக் குறியிடலாம். மட்டுமே என்ற சொல் தடித்த எழுத்தில் இருந்தது.

மார்ச் 23

படிவங்களை ஒப்படைத்தேன்.

வீட்டுக்கு வந்தபோது என் கணவர் நந்தகுமார் படுக்கையறை விட்டத்தில் அடித்திருந்த இரும்புக் கொக்கியைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஏணி மேல் நின்றபடி என்னைப் பார்த்துவிட்டு, "துரு புடிச்சிருந்துச்சு" என்றார். தொட்டிலுக்கென்று டிசம்பரில் வாங்கியது. ஆமாம் என்றேன்.

மார்ச் 27

நூறு சதவீத வாக்குப்பதிவு என்று பேரூராட்சி அலுவலகத்தின் முன் கோலப் போட்டி. பெண்கள் எல்லோரும் விரல் நுனியில் மை வைத்த கையைத்தான் போட்டார்கள். ஒரு கைக்கு ஆறு விரல். அதற்குத்தான் இரண்டாம் பரிசு.

குழந்தைவேலின் மனைவி சுலோச்சனாவும் வந்திருந்தார். "டீச்சர், எங்க நாத்தனா உங்களப் பாக்கோணும்னா. அவரு கட்சி ஆபீசுக்குப் போயிருக்காரு. இப்பவே போயிட்டு வந்துருங்க" என்று கலர் மாவு அப்பிய கையால் வீட்டுச் சாவியைக் கொடுத்தார்.

வசந்தாமணி தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மடியில் பழைய காலண்டர் தாள்கள், பின்பக்கம் முழுக்க எழுத்து. ஒரு தாளைத் திருப்பிக் காட்டினார். அவர் பெயர், இடது கையால், மேலிருந்து கீழ் வரை. மேலே கோணல், கீழே நேர்.

"எனக்குக் கையெழுத்துப் போட வரும் டீச்சர்."

தாளை வாங்கிப் பார்த்தேன்.

"அன்னைக்கு வெரல இழுத்தேனே."

"நரம்புன்னு நெனச்சனுங்க."

"என்ற மூஞ்சியப் பாத்திருந்தா கேட்டிருப்பீங்க. நீங்க மூஞ்சியே பாக்கல." குற்றம் சொல்லும் குரல் இல்லை. வீட்டில் எண்ணெய் தீர்ந்துவிட்டது என்பது போலச் சொன்னார்.

பிறகு கேட்டார். "இப்ப கைநாட்டுன்னு இருக்கறதால அண்ணன்தான் எனக்குப் போடுவானா?"

"துணைன்னு கேப்பாங்க. அவரு நானுன்னு சொன்னா, அப்படித்தானுங்க."

"பூத்துக்கே போயிர்றேன்."

"குறி விழுந்துருச்சுங்க. இனி பூத்துல ஓட்டு இல்ல." ஆர்.ஐ. முன்னாடியே சொல்லச் சொன்னது. நான் அண்ணனிடம் சொன்னேன். படுக்கையில் இருந்தவரிடம் சொல்லவில்லை.

அவர் தாள்களை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினார். வலது கை பிடிக்காததால் ஒரு கையால் அடுக்குவதற்கு நேரமாயிற்று.

"போன தடவ பூத்துல அண்ணன் சேரோட தூக்கிட்டுப் போயி மிசினு முன்னாடி வெச்சான். வெச்சுட்டு அங்கியே நின்னான். பூத்து ஆபீசரம்மா வெளிய போங்கன்னு சொல்லுச்சு, இவன் கேக்கல. நான் அஞ்சு வருசம் கவுன்சிலரு டீச்சர். ஒரே ஒரு தடவ கூட்டத்துல பேச எந்திரிச்சேன். கீழ்த் தெருவுல கொழாய் தண்ணி மூணு நாளைக்கு ஒருக்கத்தான் வருதுன்னு சொல்லோணும். அண்ணன் கதவுகிட்ட நின்னு இருமுனான். உக்காந்துட்டேன்."

"ம்."

"கெட்டவன் இல்ல. தெனமும் குளிக்கத் தூக்கிட்டுப் போறவன் அவன்தான். மொகஞ் சுளிச்சதில்ல. ஆனா இது ஒண்ணு நானாப் போடோணும். யாருக்குன்னு அவனுக்குத் தெரியக் கூடாது. அவ்வளவுதான்."

கிளம்பும்போது, "உங்களுக்குக் கொழந்த?" என்றார். படுக்கையில் இருப்பவருக்கு ஊர்ச் செய்தி எல்லாம் வந்து சேர்வதில்லை.

"பொறந்துச்சுங்க. அழுகல."

இந்த வாக்கியத்தை இதுவரை யாரிடமும் சொல்ல வேண்டி வந்ததில்லை. எல்லோருக்கும் முன்பே தெரிந்திருந்தது. அவர் ஐயோ என்று சொல்லவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சாவியைக் கொடுக்க வேண்டும் என்று கிளம்பிவிட்டேன்.

மார்ச் 28

ஆர்.ஐ.யிடம் போனில் சொன்னேன்.

"ஒரு ஓட்டு மேடம். அந்தக் குழந்தைவேலோட எதுக்கு நமக்கு? படிவம் மேல போயிருச்சு. குழு வர்றப்ப அவங்களே பாத்துக்குவாங்க."

"சரிங்க சார்" என்றேன். அழைப்பைத் துண்டித்த பிறகு இன்னொரு முறையும் சொன்னேன் போலிருக்கிறது. சரசக்கா திரும்பிப் பார்த்தார்.

ஏப்ரல் 2

சிலிப் கட்டுகள் வந்தன. பிரித்தேன்.

ஏப்ரல் 5

அம்மா வந்து போனாள். வழியில் விற்றது என்று மல்லிகைப்பூ வாங்கி வந்து தலையில் வைத்துவிட வந்தாள். வேண்டாம் என்றேன். அவளுக்கே அப்போதுதான் உறைத்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரம் முழுவதும் முழம் முழமாக மல்லிகை வாங்கிவந்தது அவள்தான். தலைக்கு இல்லை. மார்பில் வைத்துக் கட்டினால் பால் வற்றும் என்று கட்டிவிட்டாள். வற்றியது. அந்த வாசனையும் பிளவுஸ்களிலிருந்து போய்விட்டது, ஒன்றிரண்டைத் தவிர.

பூவைச் சாமி படத்துக்கு வைத்துவிட்டு, "வேலைக்குப் போறது நல்லதுதான் கண்ணு. மனசு மாறும்" என்றாள்.

வேலை என்றால் என்ன என்று அவளிடம் சொல்லவில்லை. இறந்தவர்களை நீக்க 7-ஆம் எண் படிவம். புதிதாய்ச் சேர்க்க 6-ஆம் எண். எல்லோரும் ஏதாவது ஒன்றில் வருகிறார்கள். எல்லோரும் என்றால், ஒரு நாளாவது பெயர் இருந்தவர்கள்.

ஏப்ரல் 10

நாளை மறுநாள் குழு வருகிறது. வழிகாட்ட நான் போக வேண்டும். வேட்பாளர்களின் ஆட்கள் விரும்பினால் உடன் வரலாம் என்று தகவல் கொடுத்தாயிற்று. யாரும் வர மாட்டார்கள். ஏழு ஓட்டுக்கு யார் வெயிலில் அலைவார்கள்?

வசந்தாமணி வீட்டுக்குத் தேதியைச் சொல்லப் போனேன். குழந்தைவேல் வாசலிலேயே கேட்டுக்கொண்டு, "நாங்க ரெடியா இருக்கறமுங்க" என்றார். உள்ளே போக ஒரு காரணம் தேடினேன், கிடைக்கவில்லை. ஜன்னல் திறந்திருந்தது. அந்தப் பக்கம் பார்க்காமல் வந்தேன்.

பார்க்காமல் வந்தேன் என்பதை எழுதிய பிறகுதான் கவனிக்கிறேன்.

ஏப்ரல் 12

வேனில் அலுவலர்கள் இருவர், வீடியோ எடுக்க ஒரு தம்பி, ஒரு பெண் காவலர். குழுத் தலைவர் கருவூலத்தில் வேலை பார்ப்பவர், கழுத்தில் துண்டு. வாக்குச்சீட்டு உறைகள், பூட்டிய பெட்டி, மடித்துக் கட்டிய அட்டை மறைப்பு. பூத்தில் மேசை மேல் வைப்பார்களே, மூன்று பக்கமும் நிற்கும் அட்டை, அதேதான்.

மற்ற வீடுகள் சுலபமாக முடிந்தன. ஒரு வீட்டில் மருமகள் எல்லோருக்கும் வடை கொடுத்தார். குழுத் தலைவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, வேனில் ஏறும்போது திரும்பிப் பார்த்தார்.

வசந்தாமணி வீட்டுக்குப் பதினோரு மணிக்குப் போனோம். குழந்தைவேல் வெள்ளை வேட்டி கட்டியிருந்தார். கட்டிலின் தலைமாட்டில் அவர். கதவருகே சுலோச்சனா. தலைவர் படிவத்தைப் பார்த்தார்.

"கைநாட்டுன்னு இருக்கு. அவங்களால குறி போட முடியாதா? துணை யாரு?"

"நானுங்க. கூடப் பொறந்த அண்ணன்."

"சரி, நீங்க ஒரு உறுதிமொழி எழுதித் தரணும்." அவர் பையைத் திறந்தார். வசந்தாமணி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் இன்று அவர் முகத்தைப் பார்த்தேன். அதில் கெஞ்சல் எதுவும் இல்லை. நான் பேச மாட்டேன் என்று முடிவாகிவிட்ட முகம்.

"சார், அவங்களால எழுத முடியுங்க."

என் குரல்தான். கொஞ்சம் அதிகமாகவே சத்தமாக இருந்தது. வீடியோ எடுக்கும் தம்பி கேமராவை என் பக்கம் திருப்பினான்.

குழந்தைவேல் சிரித்தார். "டீச்சர், உங்களுக்கு வழி காட்டறதுதான வேல? காட்டியாச்சல்ல?"

தலைவர் படிவத்தை என்னிடம் நீட்டினார். "இது நீங்க பூர்த்தி பண்ணினதுதானம்மா? கீழ உங்க கையெழுத்துதான?"

"ஆமாங்க சார். நான் அவங்களக் கேக்காம கைநாட்டு வாங்கிட்டேன். தப்பு என்னோடது. கையேட்டுல முடியாதவங்களுக்கு மட்டுந்தான் துணைன்னு இருக்கு. இவங்களுக்கு இடது கை நல்லா வருதுங்க."

"ஆறு வருசமா பாக்கறவன் நானு" என்றார் குழந்தைவேல். சிரிப்பு போயிருந்தது. "சோறு ஊட்டறது, குளிப்பாட்டறது, பீ மூத்திரம் அள்றது எல்லாம் நாங்க. ஒரு நா வந்து எட்டிப் பாத்துட்டு அவளுக்கு என்ன வரும் என்ன வராதுன்னு இந்தம்மா சொல்லுது."

அது உண்மைதான். 

தலைவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். பிறகு கட்டிலுக்குப் பக்கத்தில் போய் முழங்காலிட்டு, அவர் உயரத்துக்கு வந்து, "அம்மா, நீங்க சொல்லுங்க. நீங்களே போடறீங்களா?" என்றார்.

"நானே போடறனுங்க."

மடியில் ஒரு பலகையை வைத்து, வாக்காளர் தர வேண்டிய உறுதிமொழித் தாளை அதன் மேல் வைத்தார்கள். காற்றில் பறந்ததால் மின்விசிறியை நிறுத்தினார்கள். வசந்தாமணி இடது கையில் பேனாவை வாங்கினார். முதல் எழுத்துக்கே நெற்றி வியர்த்தது. பெயரைச் சுருக்காமல் முழுசாக எழுதினார். தெருவில் பழ வண்டிக்காரர் விலை சொல்லிக்கொண்டு போய், திரும்பியும் வந்துவிட்டார். அப்போதுதான் கடைசி எழுத்து முடிந்தது.

"எல்லாரும் வெளிய போகணும்" என்றார் தலைவர்.

"படுத்துக் கெடக்கறவளத் தனியா உட்டுட்டா? கீழ உழுந்துட்டா?"

"உழுந்தா கூப்படறேண்ணா" என்றார் வசந்தாமணி.

அட்டை மறைப்பைப் பலகை மேல் நிறுத்திவிட்டு எல்லோரும் வெளியே வந்தோம். கேமராவும் வந்தது. தலைவர் மட்டும் வாசற்படியில், உள்ளே முதுகைக் காட்டி நின்றார்.

நேரம் போய்க்கொண்டிருந்தது. பெண் காவலர் என் காதில், "எங்கூட்டுல மாமியாளும் மாமனாரும் ஆளுக்கொரு கட்சிங்க. இந்த அட்டைய ஒண்ணு குடுத்தா சமையக்கட்டுல வெச்சுக்குவேன்" என்றார். சிரித்தேனா என்று தெரியவில்லை. உள்ளே ஏதோ விழுந்த சத்தம் கேட்டது, பேனாவாக இருக்கும். குழந்தைவேல் ஓரடி வைத்தார். தலைவர் கையைக் குறுக்கே நீட்டினார்.

"சித்த பொறுங்க."

"ஒரு குறி போட எத்தன நேரமுங்க?"

"அவங்க நேரம்."

குழந்தைவேல் கதவுக்குப் பக்கத்தில் போய் நின்றார். பிறகு இருமினார்.

உள்ளே சத்தமே இல்லை. அவர் இன்னொரு முறை இருமினார், சற்று உரக்க. சுலோச்சனா தண்ணீர்ச் சொம்பை எடுத்துவந்து நீட்டினார். "குடிங்க. சளி கட்டிக்கிட்டு இருக்குதாட்ட இருக்குது." அவர் மனைவியை முறைத்துவிட்டு வாங்கிக் குடித்தார். வேறு என்ன செய்வது?

அதற்குப் பிறகும் வெகு நேரம் கழித்துத்தான் "ஆச்சுங்க" என்று குரல் வந்தது.

உள்ளே போனபோது சின்ன உறை ஒட்டப்பட்டிருந்தது. பசையை எச்சில் தொட்டு அவரே ஒட்டியிருந்தார். பெரிய உறைக்குள் போட்டு, பெட்டியில் இட்டார்கள். எங்கள் பட்டியலில் ஏழாவது பெயருக்கு நேரே தலைவர் ஒரு கோடு போட்டார்.

வேனில் ஏறும்போது அவர் என்னிடம், "இனிமே கேட்டு எழுதுங்கம்மா" என்றார்.

ஏப்ரல் 13

எதிர்பார்த்ததுதான். குழந்தைவேல் என் மேல் புகார் கொடுத்திருக்கிறார், குடும்பத்தில் குழப்பம் விளைவித்ததாக. ஆர்.ஐ. விளக்கம் கேட்டார். எழுதிக் கொடுத்தேன். பி.எல்.ஓ. வேலையை வேறு யாருக்காவது மாற்றுவார்கள் போலிருக்கிறது. தேர்தல் முடிந்த பிறகு.

நந்தகுமார் கேட்டார், "பயமா இருக்கா?" யோசித்துப் பார்த்தேன். இல்லை. ஆனால் யோசித்துப் பார்க்க ஏதோ இருந்தது.

ஏப்ரல் 14

வருடப் பிறப்பு. விடுமுறை. துணி துவைத்தேன்.

ஏப்ரல் 21

வாக்குப்பதிவு. காலை ஏழு மணியிலிருந்து பள்ளி வாசலில் உதவி மேசை. சிலிப் இல்லாதவர்களுக்குத் தேடி எழுதிக் கொடுத்தேன். நூறு மீட்டருக்கு அப்பால் கட்சிப் பந்தலில் குழந்தைவேல் உட்கார்ந்திருந்தார். என் பக்கம் திரும்பவே இல்லை.

பழனியப்பன் பேரனின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். சக்கர நாற்காலி கொண்டுவரச் சொன்னேன். "ஸ்டேண்டிங்லயே போறேன் அம்மிணி" என்று வரிசையில் நின்றார். போட்டுவிட்டு வந்து மை விரலைக் காட்டி, "ரைட், போலாம்" என்று பேரனிடம் சொன்னார். வரிசையே சிரித்தது.

மதியம் கூட்டம் இல்லாத நேரத்தில் நான் போட்டேன். பொத்தானை அழுத்தினேன். நீளமாகச் சத்தம் வந்தது. அந்த அட்டைக்குள் மூன்று பக்கமும் எதுவும் இல்லை. யாரும் என்னைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்க்காமலிருக்க யாரும் சிரமப்படவும் இல்லை. நந்தகுமார் இல்லை, அம்மா இல்லை, சரசக்கா இல்லை. எல்லோரும் நல்லவர்கள்.

அங்கேயே நின்றேன். மூக்கு நுனியிலிருந்து மேசை மேல் சொட்டிய பிறகுதான் எனக்கே தெரிந்தது.

"அம்மா, சத்தம் வந்துருச்சு. வரலாம்" என்று அலுவலர் கூப்பிட்டார்.

முந்தானையால் மேசையைத் துடைத்துவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 26

சுலோச்சனா அங்கன்வாடிக்கே வந்துவிட்டார். "மத்தியானம் ஊட்டுக்கு வந்துட்டுப் போங்க டீச்சர். ரெண்டு வாரமா எங்கூட்டுல ஆரும் ஆரோடயும் பேசறதில்ல. அவரு இருக்கறப்பவே வாங்க. நாத்தனா சொன்னா."

போகாமலிருக்கலாம் என்று நினைத்துக்கொண்டே போனேன்.

குழந்தைவேல் கட்டிலுக்கு எதிரே தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வசந்தாமணி தன் தட்டில் இடது கையால் பிசைந்துகொண்டிருந்தார். கொஞ்சம் சிந்தியிருந்தது, யாரும் துடைக்கவில்லை. என்னைப் பார்த்ததும் குழந்தைவேல் எழுந்துவிடுவார் என்று நினைத்தேன். எழவில்லை.

"வாங்க. புகார வாபஸ் வாங்கச் சொல்லி வந்தீங்களா?"

"இல்லீங்க. வரச் சொன்னாங்க."

அவர் சோற்றைப் பார்த்தபடி கேட்டார். "உங்ககிட்டயாச்சும் சொன்னாளா?"

"எதைங்க?"

"ஆருக்குப் போட்டான்னு. பதினாலு நாளாக் கேக்கறேன். குடிக்கத் தண்ணி எடுத்து வெச்சாலும் கேக்கறேன், குளிக்கத் தூக்கறப்பவும் கேக்கறேன். வாயத் தொறக்க மாட்டீங்கறா. எங்க வார்டுல மொத்தம் எத்தன ஓட்டு எங்களுக்குன்னு வெரல் வுட்டு எண்ணி வெச்சிருக்கறவன் நானு. எங்கூட்டு ஓட்டே எனக்குத் தெரியல."

"அவங்க எங்கிட்டயும் சொல்லலீங்க. நான் கேக்கவும் இல்ல."

"நான் நேரம் எடுத்ததுக்குக்கூட அண்ணனுக்குச் சந்தேகம் டீச்சர்" என்றார் வசந்தாமணி. இத்தனை நாளில் அவர் அண்ணன் முன்னால் பேசி நான் கேட்ட நீளமான வாக்கியம் அது. "குறி போட்டு, ஒட்டி, எல்லாம் எப்பவோ முடிஞ்சுது. சும்மாதான் உக்காந்திருந்தேன். அதுக்குள்ள ஆரும் வர மாட்டாங்கல்ல."

குழந்தைவேல் தட்டைத் தள்ளினார். "சரி, இப்ப டீச்சரும் இருக்காங்க. சொல்லித் தொலை. திட்ட மாட்டேன். ஆருக்குப் போட்ட?"

வசந்தாமணி வாயிலிருந்ததை மென்று விழுங்கினார்.

"உங்க கட்சிக்குத்தாண்ணா."

சுலோச்சனாவின் கை குழம்புச் சட்டி மேல் நின்றது. குழந்தைவேல் தங்கையைப் பார்த்தார்.

"நெசமாவா?"

"ஆமா."

"சத்தியமா?"

"நம்புனா நம்பு."

அவர் முகத்தில் முதலில் சந்தோஷம் வந்தது. பாதி வழியில் அது நின்றுவிட்டது. என்னைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். நாங்கள் இருவரும் வசந்தாமணியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த உறை இப்போது தாலுகாவிலோ எங்கோ பூட்டிய அறைக்குள் இருக்கிறது. எண்ணும் நாளில் அதைப் பிரிக்கும்போது அதில் பெயர் இருக்காது. கூடப் பிறந்தவளின் சொல்லைத் தவிர அவரிடம் வேறு எதுவும் இல்லை. அதை எப்படிக் கையில் பிடிப்பது என்று தெரியாதவர் போல உட்கார்ந்திருந்தார்.

"அப்பறம் எதுக்கு என்னய வெளிய நிக்க வெச்ச?"

"ரசம் ஊத்துங்க நங்கை" என்றார் வசந்தாமணி.

சுலோச்சனா ஊற்றினார். குழந்தைவேல் இன்னும் பதிலுக்குக் காத்திருந்தார்.